டாக்டர் கிட்ட தனியா முதல் தடவ போறீங்களா? ஒரு பயந்தாங்கொள்ளி எழுதுற வழிகாட்டி

கழுத்துல ஒரு சின்ன கட்டி கைக்கு தட்டுப்பட்டதுக்கு அப்புறம் டாக்டர் கிட்ட போக எனக்கு ஏழு மாசம் ஆச்சு. அந்த ஏழு மாசமும் தினம் குளிக்கும்போது தொட்டுப் பாப்பேன், நேத்தைவிட பெருசா இருக்கா, நகருதா, வலிக்குதான்னு, அப்புறம் துண்டை எடுத்து தொடச்சிட்டு எதுவுமே நடக்காத மாதிரி வேலைக்கு கிளம்பிடுவேன். கடைசில போனப்போ டாக்டர் விரலால அமுக்கிப் பாத்தார், ஒரு ஸ்கேன் எடுக்க சொன்னார், கொழுப்புக் கட்டி தான், தொந்தரவு பண்ணாத வரைக்கும் விட்டுடலாம்னு சொல்லிட்டார். மொத்தமே நாலு நாள் வேலை. வேற ஏதாவதா இருந்திருந்தா நான் வீணாக்குன ஏழு மாசம் எவ்ளோ பெரிய விலையா இருந்திருக்கும்னு நினைச்சா இப்பவும் வயித்தை கலக்கும்.

சின்ன வயசுல நமக்கு இந்த பிரச்சனையே கிடையாது. கூட வர்றவங்க "மூணு நாளா காய்ச்சல் டாக்டர், ராத்திரில இருமல்"னு எல்லாத்தையும் அவங்களே சொல்லிடுவாங்க, நாம நாக்கை நீட்டுனா போதும். ஒரு நாள் திடீர்னு தனியா போய் உக்காரும்போது தான் தெரியுது, என்ன சொல்லணும், எதை முதல்ல சொல்லணும், எதை கேக்கலாம், எதை கேட்டா திட்டுவாங்கன்னு யாருமே நமக்கு சொல்லித் தரலன்னு. அப்படி முதல் தடவ போறவங்களுக்கும், பல தடவ போயும் வெளிய வந்ததும் "அய்யோ அதை சொல்ல மறந்துட்டேனே"ன்னு தலைல அடிச்சிக்கிறவங்களுக்கும் தான் இது.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. திடீர்னு நெஞ்சுல பாரம் வச்ச மாதிரி அழுத்தம், மூச்சு விட முடியல, முகத்துல ஒரு பக்கம் கோணிக்குது, ஒரு கை தூக்க வரல, பேச்சு குழறுது, இதுவரைக்கும் வராத அளவுக்கு ஒரே அடியா வந்த தலைவலி, நிக்காத ரத்தம், உயிரோட இருக்க வேணாம்னு ஒரு எண்ணம், இதுல எது இருந்தாலும் இந்த கட்டுரையை மூடிட்டு அவசர உதவிக்கு கூப்பிடுங்க. கீழ இருக்கிற எதுவும் அந்த நேரத்துக்கு இல்ல.

முதல்ல, எதுக்கு பயப்படுறீங்கன்னு கண்டுபிடிங்க

"டாக்டர்னாலே பயம்"னு மொத்தமா சொல்லிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. ஒருத்தருக்கு ஊசி தான் பயம், மத்தது எல்லாம் ஓகே. ஒருத்தருக்கு சட்டையை கழட்ட கூச்சம். இன்னொருத்தருக்கு எடை மெஷின்ல ஏறுனா திட்டு விழும்னு பயம். சிலருக்கு "இதுக்கெல்லாமா வந்தீங்க"ன்னு சொல்லிடுவாங்களோன்னு. எனக்கு இருந்தது கடைசில சொல்ற வார்த்தை மேல இருந்த பயம், அதாவது கெட்ட செய்தி வந்துடுமோன்னு. நான் போகாம இருந்தா அந்த செய்தி இல்லவே இல்லாத மாதிரி ஒரு கணக்கு உள்ள ஓடிட்டே இருந்துச்சு. உக்காந்து யோசிச்சா உங்களோடது எதுன்னு அஞ்சு நிமிஷத்துல பிடிபட்டுடும், பிடிபட்டா அதுக்கு மட்டும் வழி தேடினா போதும்.

இந்த கட்டத்துல எல்லாரும் பண்ற தப்பு ராத்திரி பன்னெண்டு மணிக்கு அறிகுறியை டைப் பண்ணி தேடுறது. 2008-ல மைக்ரோசாஃப்ட்ல ரையன் வைட், எரிக் ஹார்விட்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதையே ஆராய்ச்சியா பண்ணாங்க, சாதாரண தலைவலின்னு ஆரம்பிச்ச தேடல் எப்படி படிப்படியா மூளைக் கட்டி வரைக்கும் போகுதுன்னு. காரணம் சிம்பிள், தலைவலிக்கு தொண்ணூறு சாதா காரணம் இருந்தாலும் பயமுறுத்துற காரணத்தை பத்தி தான் பக்கம் பக்கமா எழுதி வச்சிருப்பாங்க, நம்ம கண்ணும் அதுல தான் போய் நிக்கும். தேடவே கூடாதுன்னு சொல்லல, டாக்டர் ஒரு பேர் சொன்னதுக்கு அப்புறம் அந்த பேரை தேடிப் படிங்க, அப்போ அது உண்மையிலேயே உதவும்.

அடுத்து, ஒரு பேப்பர் எடுங்க

இது தான் மொத்த விஷயத்துலயே முக்கியமான ஸ்டெப், மத்த எதை விட்டாலும் இதை விடாதீங்க. நிறைய பேர் நினைக்கிறது டெஸ்ட் எடுத்தா தான் நோய் தெரியும், நம்ம வாயால சொல்றது சும்மா ஒரு சம்பிரதாயம்னு. 1975-ல இங்கிலாந்துல புதுசா வந்த 80 நோயாளிகளை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, அதுல 66 பேருக்கு அவங்க கதையை கேட்டதுலயும் அனுப்புன டாக்டரோட லெட்டரை படிச்சதுலயுமே சரியான நோயை கண்டுபிடிச்சிட்டாங்க, உடம்பை தொட்டுப் பாத்ததும் லேப் டெஸ்ட்டும் முடிவை மாத்துனது மிச்சம் கொஞ்ச பேருக்கு தான். அதுக்கப்புறம் எத்தனையோ மெஷின் வந்துடுச்சு, ஆனா எந்த மெஷினை போடணும்னு முடிவு பண்றதே இன்னைக்கும் நீங்க சொல்ற கதையை வச்சு தான். உங்க கிட்ட இருந்து தான் முதல் டெஸ்ட் ரிசல்ட் வருது, அதை அரைகுறையா கொண்டு போகாதீங்க.

என்ன எழுதணும்? எப்போ ஆரம்பிச்சது, எங்க, எப்படி இருக்கு, குத்துதா, எரியுதா, இழுக்குதா, அடைக்குதா (நம்ம மொழில வலிக்கு இவ்ளோ வார்த்தை இருக்கு, எல்லாத்தையும் "வலி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிடாதீங்க), ஒரே இடத்துல நிக்குதா வேற எங்கயாவது பரவுதா, என்ன பண்ணா கூடுது, என்ன பண்ணா குறையுது, இதனால என்ன வேலை செய்ய முடியல. இந்த கடைசி கேள்வியை யாரும் எழுத மாட்டாங்க, ஆனா அது ரொம்ப பேசும். "முட்டி வலி"ன்னு சொல்றதுக்கும் "ஒரு மாசமா படி ஏற முடியல, கீழயே படுத்துக்கிறேன்"னு சொல்றதுக்கும் கேக்குறவர் காதுல எவ்ளோ வித்தியாசம்னு யோசிச்சுப் பாருங்க.

எங்க அப்பா இதுக்கு நேர் எதிர். வீட்டுல வலில புலம்பித் தள்ளுவார், டாக்டர் முன்னாடி போய் உக்காந்ததும் முதுகு நிமிந்துடும், "ஒண்ணுமில்ல டாக்டர், லேசா தான்"ம்பார். கூட உக்காந்திருக்கிற எனக்கு பத்திக்கிட்டு வரும். அவரோட தப்பு மட்டும்னு சொல்ல முடியாது, பெரிய மனுஷன் முன்னாடி குறைச்சு சொல்றது ஒரு மரியாதைன்னு ஊறிப்போயிருக்கு. ஆனா டாக்டர் கேக்குறது தகவல் தான். உங்களுக்கும் அந்த வியாதி இருந்தா பேப்பர்ல பத்துக்கு எத்தனை வலின்னு வீட்டுலயே எழுதிடுங்க, அங்க போய் அப்படியே படிச்சிடுங்க.

அதே பேப்பர்ல பின்பக்கம் நீங்க சாப்பிடுற மாத்திரை எல்லாம், பேர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை. பேர் தெரியலன்னா அட்டையை போட்டோ எடுத்துக்கோங்க. "அந்த வெள்ளை மாத்திரை, நடுவுல கோடு போட்டிருக்கும்"னு சொன்னா உலகத்துல பாதி மாத்திரை அப்படி தான் இருக்கு. கடைல நீங்களே வாங்கி போடுறது, வைட்டமின், மூலிகை மருந்து, உடற்பயிற்சிக்குன்னு குடிக்கிற பவுடர், எல்லாமே இதுல சேரணும். ஏன் இவ்ளோ சொல்றேன்னா பாரசிட்டமால் மாதிரி ஒரு மருந்து காய்ச்சல் மாத்திரைலயும் இருக்கும், சளி மாத்திரைலயும் இருக்கும், வலி மாத்திரைலயும் இருக்கும், பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம் தாண்டக் கூடாதுங்கிற மருந்து அது, மூணு பேர்ல மூணு அட்டை வாங்கி போடும்போது கணக்கு எங்க போகுதுன்னு நமக்கே தெரியாது, கல்லீரலுக்கு தான் தெரியும். அலர்ஜி எதாவது இருந்தா அதை மேல பெருசா எழுதுங்க.

வந்து வந்து போற விஷயம்னா போட்டோ, வீடியோ எடுத்து வைங்க. தோல்ல தடிப்பு வர்றவங்களுக்கு தெரியும், நாலு நாளா இருந்தது டாக்டரை பாக்கப் போற அன்னைக்கு மட்டும் மாயமா மறைஞ்சிடும்.

அப்பாயின்ட்மென்ட் போடும்போது

சீக்கிரமா சொல்லிடுறேன். காலைல முதல் ஸ்லாட் கிடைச்சா அதை எடுங்க, ஏன்னா தாமதம் ஒவ்வொருத்தரா சேந்து சேந்து தான் பெருசாகும். ரெண்டு மூணு பிரச்சனை இருந்தா புக் பண்ணும்போதே சொல்லி கூடுதல் நேரம் கிடைக்குமான்னு கேளுங்க. வெறும் வயித்துல வரணுமா, தினமும் போடுற மாத்திரையை அன்னைக்கு போடலாமான்னு கேளுங்க (வெறும் வயிறுன்னா பொதுவா 8-லருந்து 12 மணி நேரம், தண்ணி குடிக்கலாம், நிறைய பேர் தண்ணி கூட குடிக்காம வந்து நரம்பு கிடைக்காம நாலு குத்து வாங்குவாங்க). ஆண் டாக்டரா பெண் டாக்டரா வேணும்னு ஒரு விருப்பம் இருந்தா அதையும் இப்பவே சொல்லுங்க, இது தப்பான கேள்வி இல்ல. ஈசியா மடிச்சு விடுற கை வச்ச சட்டை போட்டுக்கோங்க.

கூட ஒருத்தரை கூட்டிட்டு போகலாம். ஆனா யாருன்னு யோசிச்சு கூட்டிட்டு போங்க, உங்களுக்கு பதிலா பேசுறவங்களை விட, வாயை மூடி நோட்டுல குறிச்சிக்கிறவங்க தான் நல்ல துணை. உள்ள ஒரு அஞ்சு நிமிஷம் டாக்டர் கிட்ட தனியா பேசணும்னா அதை வாசல்லயே அவங்க கிட்ட சொல்லிடுங்க.

வெயிட்டிங் ரூம்

பத்து மணின்னு எழுதி குடுத்துட்டு பதினொண்ணே காலுக்கு கூப்பிடுறது மாதிரி எரிச்சல் வேற கிடையாது, அது எனக்கும் தெரியும். உங்களுக்கு முன்னாடி போனவருக்கு இப்போ தான் கெட்ட செய்தி சொல்லியிருக்கலாம், அவரை பத்து நிமிஷத்துல எழுப்பி அனுப்ப முடியாது, நாளைக்கு அந்த நாற்காலில நாம இருந்தா நமக்கும் அந்த நேரம் வேணும். அப்படி நினைச்சா எரிச்சல் பாதி குறையும், மீதி பாதி குறையாது. போய் "இன்னும் எத்தனை பேர் இருக்காங்க"ன்னு ரிசப்ஷன்ல மரியாதையா ஒரு தடவ கேளுங்க. உக்காந்திருக்கும்போது மயக்கமா வந்தாலோ வலி ரொம்ப கூடினாலோ முறைக்கு காத்திருக்க வேணாம், உடனே சொல்லுங்க.

இங்க தான் இன்னொரு வேடிக்கை நடக்கும். வீட்டுல நல்லா இருக்கிற பிபி அந்த வாசலை மிதிச்சதும் ஏறிடும். இதை வெள்ளை கோட் பிபின்னு சொல்றாங்க. 1983-ல இத்தாலில ஒரு குழு ரத்தக் குழாய்க்குள்ளயே கருவி வச்சு தொடர்ந்து அளந்துட்டு இருந்தாங்க, டாக்டர் பிபி பாக்க உள்ள வந்த சில நிமிஷத்துல மேல் எண் இருந்ததைவிட சராசரியா 27 பாயிண்ட் எகிறுச்சு. அவர் ஒண்ணும் பண்ணல, வந்தார், அவ்ளோ தான். அதனால ஒரே ஒரு அளவுல எண்ணைப் பாத்து ஆடிப் போகாதீங்க, வீட்டுல சில நாள் அளந்து கொண்டு வரட்டுமான்னு கேளுங்க.

சரியா அளக்க வைக்கிறது பாதி உங்க கைல இருக்கு. அரை மணி நேரம் முன்னாடி காபி, சிகரெட், மாடிப்படி ஓட்டம் வேணாம். முதல்ல பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க, முட்டிக்கிட்டு இருந்தா எண் கூடும். அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருங்க, முதுகு சாஞ்சிருக்கணும், ரெண்டு காலும் தரைல, கால் மேல கால் போடாம, கை நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேஜை மேல, பட்டை சட்டைக்கு மேல இல்லாம நேரா தோல் மேல. அளக்கும்போது பேசாதீங்க. நர்ஸ் பட்டையை கட்டிட்டு "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா சிரிச்சிட்டு முடிஞ்சதும் பதில் சொல்லுங்க, கோச்சுக்க மாட்டாங்க.

உள்ள போனதும் முதல் ஒன்றரை நிமிஷம்

டாக்டர் பேசவே விடலங்கிறது பெரும்பாலானவங்களோட முதல் புகார், அது நம்ம கற்பனையும் இல்ல. 1984-ல அமெரிக்கால ரெண்டு பேர் ஒலிப்பதிவு பண்ணி அளந்தாங்க, நோயாளி பேச ஆரம்பிச்சு சராசரியா 18 விநாடில டாக்டர் குறுக்க வந்துடுறார். 2018-ல வந்த இன்னொரு ஆய்வுல அது 11 விநாடி. சரி விட்டா நாம மணிக்கணக்கா பேசிடுவோமோன்னு பாத்தா அதுவும் இல்ல, 2002-ல சுவிட்சர்லாந்துல டாக்டர்களை வாயே திறக்காம கேக்க சொன்னாங்க, நோயாளிங்க தானா பேசி முடிக்க எடுத்துக்கிட்டது சராசரியா 92 விநாடி தான், பத்துல எட்டு பேர் ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சிட்டாங்க. இந்த எண்களை நான் டாக்டர்களை திட்டுறதுக்காக சொல்லல. உங்க கையில இருக்கிற நேரம் எவ்ளோன்னு தெரிஞ்சா அதுக்கேத்த மாதிரி பேச்சை அடுக்கிக்கலாம்.

அதனால கதையை போன வருஷத்து கல்யாணத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க. முதல் வாக்கியம் எதுக்கு வந்திருக்கீங்கங்கிறது, ரெண்டாவது எத்தனை நாளா, மூணாவது உங்களுக்கு உள்ளுக்குள்ள என்ன பயம்ங்கிறது. உதாரணத்துக்கு, "டாக்டர், மூணு விஷயம் இருக்கு, முக்கியமானது நெஞ்சு எரிச்சல், ஆறு வாரமா இருக்கு, ராத்திரி படுத்தா கூடுது, எங்க சித்தப்பாவுக்கு இதே மாதிரி ஆரம்பிச்சு புற்றுநோய்ல முடிஞ்சது, அதான் பயமா இருக்கு." அந்த கடைசி துண்டை வெக்கப்படாம சொல்லிடுங்க, சொல்லலன்னா அவர் நெஞ்செரிச்சலுக்கு மட்டும் பதில் சொல்லுவார், உங்க பயம் உங்க கூடவே வீட்டுக்கு வந்துடும்.

எத்தனை விஷயம்னு முன்னாடியே சொல்றது ரொம்ப முக்கியம். நாம என்ன பண்ணுவோம், சளி இருமல்னு பதினஞ்சு நிமிஷம் பேசிட்டு, எழுந்து கதவு கைப்பிடியை பிடிச்சதுக்கு அப்புறம் "அப்புறம் டாக்டர், ஒரு சின்ன விஷயம், மலத்துல ரத்தம் வருது"ன்னு சொல்லுவோம். அந்த சின்ன விஷயத்துக்கு தான் நாம வந்ததே, சொல்ல தைரியம் வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுது. அதை பேப்பர்ல முதல் வரியா எழுதி, வாய் வரலன்னா பேப்பரையே நீட்டிடுங்க. நான் ஒரு தடவ அப்படி தான் பண்ணேன், படிச்சு முடிச்சிட்டு அவர் சாதாரணமா அடுத்த கேள்விக்கு போயிட்டார், நான் தான் காது சிவந்து உக்காந்திருந்தேன்.

நடுவுல குறுக்க வந்தா "ஒரு அரை நிமிஷம், இதை முடிச்சிட்டு சொல்றேன்"னு சொல்லலாம். கம்ப்யூட்டரையே பாத்து டைப் பண்ணிட்டு இருந்தா கொஞ்சம் நிறுத்துங்க, அமைதியானா அவங்களே நிமிந்து பாப்பாங்க, அப்போ முக்கியமானதை சொல்லுங்க.

கூச்சமும் பொய்யும்

ஸ்டெதாஸ்கோப் எப்படி வந்துச்சுன்னு தெரியுமா? 1816-ல பாரிஸ்ல ரெனே லேனெக்னு ஒரு டாக்டர், அந்த காலத்துல நேரா நெஞ்சுல காதை வச்சு தான் கேக்கணும், வந்திருந்தது ஒரு இளம்பெண், அவருக்கு கூச்சமா போச்சு, கைல இருந்த காகிதத்தை குழல் மாதிரி சுருட்டி ஒரு முனையை அங்கயும் ஒரு முனையை காதுலயும் வச்சார், காதை வச்சு கேட்டதைவிட சத்தம் தெளிவா கேட்டுச்சு. அதாவது டாக்டர் கழுத்துல தொங்குற அந்த சாமானே ஒரு டாக்டரோட கூச்சத்துல பொறந்தது தான், நமக்கு கூச்சம் வர்றதுல என்ன ஆச்சரியம்.

உடம்பை பரிசோதிக்கும்போது உங்களுக்கு சில உரிமை இருக்கு. என்ன பண்ணப் போறீங்க, எதுக்குன்னு முன்னாடியே கேக்கலாம். கூட ஒரு நர்ஸோ உங்க ஆளோ இருக்கணும்னு கேக்கலாம். பாக்குற இடத்தை மட்டும் விலக்கி மத்ததை போர்வையால மூடிக்கலாம். வலிச்சாலோ சங்கடமா இருந்தாலோ "நிறுத்துங்க"ன்னு சொன்னா நிறுத்தணும், அதுல பேச்சே இல்ல.

மலம், மூத்திரம், மாதவிடாய், படுக்கை விஷயம் இதெல்லாம் வாயில வராதவங்களுக்கு ஒரு தகவல், மலம் எப்படி இருக்குன்னு சொல்றதுக்கே பிரிஸ்டல் அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு, கெட்டியான உருண்டைல ஆரம்பிச்சு தண்ணி வரைக்கும் 7 வகை படம் போட்டு நம்பர் குடுத்திருக்காங்க. "நாலாம் நம்பர்"னு சொல்லிட்டு போயிடலாம். இந்த தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது எவ்ளோ சாதா விஷயம்னு இதுலயே புரியும்.

அப்புறம் பொய். சிகரெட் எத்தனை, குடி எவ்ளோ, மாத்திரை ஒழுங்கா போட்டீங்களா, இந்த மூணு கேள்விக்கும் உலகமே பாதியா குறைச்சு தான் சொல்லும். டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி மட்டும் இனிப்பை நிறுத்திட்டு நல்ல பிள்ளையா வர்றவங்களும் உண்டு, ஆனா சராசரி சர்க்கரையை பாக்குற எச்பிஏ1சி டெஸ்ட் அதுக்கெல்லாம் ஏமாறாது, சிவப்பணு கிட்டத்தட்ட 120 நாள் உயிரோட இருக்கும், அதுல ஒட்டுன சர்க்கரையை வச்சு ரெண்டு மூணு மாச கதையை அது சொல்லிடும். மாத்திரையை நிறுத்தியிருந்தா நிறுத்திட்டேன்னே சொல்லுங்க, போட்டா தல சுத்துது, மறந்துடுது, கட்டுப்படி ஆகல, என்ன காரணமோ அதையும் சொல்லுங்க. நீங்க போடாத மாத்திரை வேலை செய்யலன்னு நினைச்சு அவர் அளவை ரெட்டிப்பாக்கி எழுதுனா, நீங்க திருந்தி ஒழுங்கா போடுற அன்னைக்கு தான் வினை.

திட்டுனா? "எனக்கு புரியுது டாக்டர், இப்போ இருக்கிற நிலைமைல என்னால முடிஞ்ச ஒரு விஷயம் சொல்லுங்க"ன்னு கேட்டுப் பாருங்க. திட்டு வழக்கமா அதோட நிக்கும். தொடர்ந்து அவமானப்படுத்துறவர்னா வேற டாக்டரை பாருங்க, சகிச்சிக்கிட்டு போகணும்னு எந்த சட்டமும் இல்ல.

ஊசியை பாத்தா மயக்கம் வர்றவங்களுக்கு

இதை படிச்சு மத்தவங்க சிரிக்கலாம், ஆனா இது மனசோட பலவீனம்னு நினைக்காதீங்க, உடம்போட ஒரு ரிஃப்ளெக்ஸ். மத்த பயத்துல எல்லாம் பிபி ஏறும், ரத்தம் ஊசி பயத்துல மட்டும் முதல்ல ஏறி அப்புறம் டப்புனு இறங்கிடும், அதான் விழுறோம். இதுக்கு "ரிலாக்ஸ் ஆகுங்க, மூச்சை இழுத்து விடுங்க"ன்னு சொல்றது பல நேரம் பிபியை இன்னும் தான் இறக்கும். ஸ்வீடன்ல லார்ஸ் யோரான் ஓஸ்ட்னு ஒரு உளவியலாளர் 1980-கள்ல நேர் எதிரா ஒரு முறை கொண்டு வந்தார். கை, கால், வயிறு தசையை எல்லாம் இறுக்குங்க, முகம் சூடாகுற மாதிரி தெரியும் வரைக்கும், 10-லருந்து 15 விநாடி, அப்புறம் விடுங்க, 20-30 விநாடி கழிச்சு திரும்ப, இப்படி அஞ்சு தடவ. ஊசி போடுற கையை மட்டும் தளர்வா விடணும். இதை வீட்டுல சில நாள் பழகிட்டு போங்க, அங்க போய் முதல் தடவ பண்ணா வராது.

கூடவே உக்காந்த உடனே "எனக்கு மயக்கம் வரும், படுத்துக்கிறேன்"னு சொல்லிடுங்க. படுத்திருக்கிறவங்க கீழ விழ முடியாது. குத்துற வலி தான் பிரச்சனைன்னா மரத்துப்போற களிம்பு இருக்கு, ஒரு மணி நேரம் முன்னாடி தடவணும், அதனால முன்கூட்டியே கேக்கணும்.

வெளிய வர்றதுக்கு முன்னாடி

2003-ல ஒரு மருத்துவ இதழ்ல வந்த கணக்கு, டாக்டர் சொல்றதுல 40-லருந்து 80 சதவீதம் வரைக்கும் உடனே மறந்துடுதாம், ஞாபகம் இருக்கிறதுலயும் கிட்டத்தட்ட பாதி தப்பா தான் ஞாபகம் இருக்குமாம். பயத்துல இருக்கும்போது இன்னும் மோசம், ஒரு பெரிய வார்த்தை காதுல விழுந்ததும் அதுக்கு பின்னாடி வர்றது எதுவும் ஏறாது. எழுதிக்கோங்க, இல்லன்னா ரெக்கார்ட் பண்ணிக்கலாமான்னு கேட்டு பண்ணுங்க, கேக்காம திருட்டுத்தனமா வேணாம். கடைசில நீங்களே திருப்பி சொல்லுங்க, "அதாவது இந்த மாத்திரை ரெண்டு வேளை, பத்து நாள், நடுவுல நல்லா ஆனாலும் நிறுத்தக் கூடாது, சரிங்களா?" பாதி தப்பு இதுலயே பிடிபட்டுடும்.

டெஸ்ட்டோ ஆபரேஷனோ சொன்னா நாலு கேள்வி. இதனால என்ன நல்லது, என்ன ஆபத்து, வேற வழி இருக்கா, ஒண்ணுமே பண்ணாம கொஞ்ச நாள் பாத்தா என்ன ஆகும். நாலாவது கேள்விக்கு சில நேரம் "ஒண்ணும் ஆகாது, பொறுத்தே பாக்கலாம்"னு பதில் வந்து ஆச்சரியப்படுவீங்க. இதோட கட்டாயமா ஒண்ணு, "எது நடந்தா நான் உடனே திரும்ப வரணும்?"

சீட்டுல இருக்கிற எழுத்து புரியலன்னா அங்கயே கேளுங்க. பழைய லத்தீன் சுருக்கம் தான் அதெல்லாம், ஓடின்னா (OD) ஒரு நாளைக்கு ஒரு வேளை, பிடின்னா (BD) ரெண்டு, டிடிஎஸ்னா மூணு, எச்எஸ்னா படுக்கப் போகும்போது, எஸ்ஓஎஸ்னா தேவைப்பட்டா மட்டும், ஏசி சாப்பாட்டுக்கு முன்னாடி, பிசி சாப்பாட்டுக்கு பின்னாடி. இதுல ஒரு சிக்கல், கண் டாக்டர் எழுதுன சீட்டுல அதே ஓடின்னா வலது கண். அதனால தெரிஞ்ச மாதிரி இருந்தாலும் ஒரு தடவ வாயால கேட்டுக்கிறது நல்லது.

"டென்ஷன் தான், ஒண்ணும் இல்ல"ன்னு அனுப்பிட்டா

சில நேரம் அது உண்மையாவே டென்ஷனா இருக்கும், அதுவும் வைத்தியம் பாக்க வேண்டிய விஷயம் தான், அதுக்காக கோச்சுக்காதீங்க. ஆனா உங்களுக்கு மனசு ஒப்பலன்னா சண்டை போடாம இப்படி கேளுங்க, "வேற என்னவா இருக்கலாம்னு யோசிச்சீங்க, அது இல்லைன்னு எதை வச்சு சொல்றீங்க?" நல்ல டாக்டர் இதுக்கு விளக்கம் சொல்லுவார், அந்த விளக்கமே பாதி மருந்து. "நான் சொன்ன அறிகுறியையும் டெஸ்ட் வேணாம்னு முடிவு பண்ணதையும் என் ஃபைல்ல குறிச்சிடுங்க"ன்னும் கேக்கலாம். குறையலன்னா எத்தனை நாள் கழிச்சு திரும்ப வரட்டும்னு ஒரு தேதி வாங்கிட்டு எழுந்திரிங்க. ரெண்டாவது கருத்து கேக்க இன்னொரு டாக்டர் கிட்ட போறது துரோகம் இல்ல, ஆனா போகும்போது முதல் டாக்டரோட ரிப்போர்ட் எல்லாம் எடுத்துட்டு போங்க, மறைச்சு வச்சு சோதிக்காதீங்க, அதே ஊசியை திரும்ப குத்தி அதே டெஸ்ட் எடுக்கிறது தான் மிச்சம்.

ரிப்போர்ட் வரும் ராத்திரி

இப்பல்லாம் டாக்டர் பாக்குறதுக்கு முன்னாடியே போன்ல ரிப்போர்ட் வந்துடுது, அதுல ஒரு எண் சிவப்புல இருக்கும், பக்கத்துல ஒரு நட்சத்திரம், அவ்ளோ தான், தூக்கம் போச்சு. நிறைய டெஸ்ட்ல "நார்மல்"னு போட்டிருக்கிற எல்லையை எப்படி போடுறாங்கன்னா ஆரோக்கியமா இருக்கிறவங்களை எடுத்து நடுவுல இருக்கிற 95 சதவீதத்தை நார்மல்னு வச்சுக்கிறாங்க. அப்படின்னா ஒண்ணும் இல்லாத 20 பேர்ல ஒருத்தருக்கு கணக்குப்படியே சிவப்பு எழுத்து வரும். ஒருத்தருக்கே ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தா ஏதாவது ஒண்ணாவது எல்லை தாண்டுறதுக்கு வாய்ப்பு கிட்டத்தட்ட 64 சதவீதம். எல்லைல இருந்து எவ்ளோ தள்ளி இருக்கு, போன தடவ எவ்ளோ இருந்துச்சு, உங்களுக்கு அறிகுறி இருக்கா, இதை சேத்து வச்சு தான் டாக்டர் பாப்பார். தேதியோட பழைய ரிப்போர்ட்டை எல்லாம் ஒரே இடத்துல வச்சிருந்தா இந்த இடத்துல தான் கை கொடுக்கும்.

ரிசல்ட் எப்போ வரும், யார் சொல்லுவாங்க, எப்படி சொல்லுவாங்கன்னு டெஸ்ட் குடுக்கும்போதே கேட்டு வைங்க. போன் வரலன்னா எல்லாம் நல்லாருக்குன்னு நாமளே முடிவு பண்ணக் கூடாது, தாள் எங்கயோ மாட்டிக்கிட்டு இருக்கலாம், சொன்ன தேதி தாண்டினா நீங்களே கூப்பிடுங்க. அந்த தேதியை போன்ல ரிமைண்டரா போட்டுடுங்க.

வீட்டுக்கு வந்ததும் எழுதிட்டு போன பேப்பரை தூக்கிப் போடாதீங்க. அதுக்கு அடியில டாக்டர் என்ன சொன்னார், என்ன மாத்திரை, அடுத்து எப்போ வரணும்னு மூணு வரி எழுதி ரிப்போர்ட்டோட சேத்து வைங்க, அடுத்த தடவ மேல தேதியை மட்டும் மாத்திக்கலாம்.